ஹார்மோன் எல்லாம் நார்மல், விந்தணு கவுன்ட் மட்டும் குறைவு: ரிசெப்டர் ஜீன் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி சுருக்கமாக இது. வயது 33, கல்யாணமாகி நாலு வருஷம். விந்துப் பரிசோதனை இரண்டு தடவை: முதலில் மில்லிக்கு 60 லட்சம், மூன்று மாதம் கழித்து 42 லட்சம். எஃப்.எஸ்.எச். 5.2, எல்.எச். 4.1, காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் 470. "ஹார்மோன் நார்மல்தான், ரிசெப்டரில் கோளாறு இருக்கலாம், எதற்கும் ஜீன் டெஸ்ட் ஒன்று பார்த்துவிடலாம்" என்று ஒரு லேபில் சொல்ல, எடுத்த ரிப்போர்ட்டில் இரண்டு வரி சிவப்பில் வந்திருக்கிறது. ஆண்ட்ரோஜன் ரிசெப்டரில் சி.ஏ.ஜி. எண்ணிக்கை 26. எஃப்.எஸ்.எச். ரிசெப்டரில் 680ஆம் இடத்தில் செரின். அப்பாவும் அம்மாவும் சொந்தம், அம்மா அப்பாவுக்கு அக்கா மகள். இதுதான் காரணமா, இதற்கு மருந்து இருக்கிறதா, பிறக்கிற குழந்தைக்கும் வருமா?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு சிவப்பு வரியை வைத்து உங்கள் கவுன்ட் குறைவுக்கு இதுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது, சொன்னால் நம்ப வேண்டாம். அதற்காக ரிசெப்டர் ஜீன் ஒரு பொருட்டே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். அது உண்மையிலேயே கெட்டுப்போன ஆண்கள் ரொம்ப அபூர்வம், அவர்களுக்கு என்ன ஆனது என்று தெரிந்தால்தான் உங்கள் ரிப்போர்ட் எவ்வளவு சாதாரணமானது என்று விளங்கும். நான் ஆண்ட்ராலஜி (ஆண்களின் இனப்பெருக்க மருத்துவம்) லேபில் மைக்ரோஸ்கோப் முன்னால் பல வருஷம் உட்கார்ந்தவன், டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ரிசெப்டர், அதாவது ஹார்மோன் வந்து ஒட்டுகிற புரதம், என்ன செய்கிறது என்று பார்ப்போம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. எல்.எச். விதைக்குள் இருக்கும் லைடிக் செல்களிடம் போய் டெஸ்டோஸ்டிரோன் செய்ய வைக்கும். எஃப்.எஸ்.எச். செர்டோலி செல்களிடம் போகும், இவைதான் வளரும் விந்தணுக்களை இடுப்பில் வைத்திருப்பதுபோல வைத்து ஊட்டி வளர்ப்பவை. லைடிக் செல் செய்கிற டெஸ்டோஸ்டிரோனும் பக்கத்தில் இருக்கும் இதே செர்டோலி செல்லுக்குள் நுழைந்து அங்கே உள்ள ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ரிசெப்டரில் போய் ஒட்டினால்தான் வேலை நடக்கும். ஆக ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று, அது சொல்வது காதில் விழுகிறதா என்பது வேறு. ரிசெப்டர் வேலை செய்யாவிட்டால் எவ்வளவு ஹார்மோன் வந்தாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். ரத்தப் பரிசோதனை அளப்பது சங்கின் சத்தத்தை, காதை அல்ல. "ஹார்மோன் நார்மல், ஆனால் ரிசெப்டரில் கோளாறு இருக்கலாம்" என்று லேபில் சொன்னபோது உங்களுக்குச் சரியாகப் பட்டதற்கும் இதுதான் காரணம்.

ஆனால் அந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. காது மந்தமானால் ஊதுகிறவன் சும்மா இருக்கமாட்டான், இன்னும் பலமாக ஊதுவான். ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் உடம்பு முழுக்க ஒரே ஜீனிலிருந்து வருவது, மூளையும் பிட்யூட்டரியும் அதே ரிசெப்டரை வைத்துத்தான் டெஸ்டோஸ்டிரோன் போதுமா என்று பார்க்கின்றன. அது மந்தமாக இருந்தால் மூளைக்குப் 'போதவில்லை' என்று படும், எல்.எச். ஏறும், அதனால் டெஸ்டோஸ்டிரோனும் ஏறும். இரண்டும் சேர்ந்து மேலே நிற்பது கொஞ்சம் விசித்திரமான காட்சி. விதை பழுதாகியிருந்தால் எல்.எச். ஏறி டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், பிட்யூட்டரி பழுதாகியிருந்தால் இரண்டும் இறங்கும், இரண்டும் ஏறுவது மட்டும்தான் 'காது கேட்கவில்லை' என்பதன் அடையாளம். அதனால்தான் ஆண்ட்ராலஜிக்காரர்கள் இரண்டு எண்ணையும் பெருக்கிப் பார்ப்பார்கள். உங்களுக்கு எல்.எச். 4.1, டெஸ்டோஸ்டிரோன் 470, இரண்டும் நடுவாந்தரம். எஃப்.எஸ்.எச். ரிசெப்டர் நிஜமாகவே செயலிழந்திருந்தால் எஃப்.எஸ்.எச். ஏறியிருக்க வேண்டும், அதுவும் 5.2இல் நிற்கிறது. லேசான ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் கோளாறு உள்ள எல்லோரிடமும் இந்த அடையாளம் பளிச்சென்று தெரியாது என்பது உண்மைதான், இருந்தாலும் உங்கள் எண்களில் யாரும் கத்திக்கொண்டிருப்பதாகத் தெரியவில்லை.

இப்போது அந்த 26. ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதன் தொடக்கத்தில் சி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்துகள் திக்குவாய்போலத் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவைக்கும் புரதத்தில் ஒரு குளூட்டமின் சேரும். இது ஆளுக்கு ஆள் மாறும். பத்தும் இருக்கலாம், முப்பதைத் தாண்டியும் போகலாம், பெரும்பாலானவர்களுக்கு 20இலிருந்து 25க்குள். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குச் சராசரி சற்றுக் குறைவு, கிழக்காசியர்களுக்குச் சற்று அதிகம். இந்தத் தொடர் நீளமாக நீளமாக ரிசெப்டரின் வீரியம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்று செல்களில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. 38ஐத் தாண்டினால் கதையே வேறு, அது கென்னடி நோய்: நடு வயதில் தசைப்பிடிப்பு, கை நடுக்கம், கால் கை பலவீனம், மார்பு பெருத்தல், விந்தணு குறைதல். 1968இல் அமெரிக்க நரம்பியல் டாக்டர் வில்லியம் கென்னடி விவரித்த நோய், அதற்கு இந்த சி.ஏ.ஜி. நீட்சிதான் காரணம் என்று 1991இல் கண்டுபிடித்தார்கள். ஜீனில் மூன்றெழுத்துத் தொடர் நீண்டு போய் நோய் வருவதை முதன்முதலில் கண்ட நோய்களில் அதுவும் ஒன்று.

அங்கிருந்து கேள்வி இயல்பாகவே பிறந்தது: 38க்கு மேல் நோய் என்றால், 28க்கு மேல் கொஞ்சம் மலட்டுத்தன்மையா? 1997இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் ஆமாம் என்றார்கள், 28ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு விந்தணு உற்பத்தி குறையும் அபாயம் நாலு மடங்கு என்று. உலகம் முழுக்க எல்லோரும் எண்ண ஆரம்பித்தார்கள். சில இடங்களில் அப்படித்தான் வந்தது, பல இடங்களில் வரவில்லை. ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் தங்கராஜ், லால்ஜி சிங் குழுவினர் இந்திய ஆண்களிடம் பார்த்து 2002இல் வெளியிட்டதில் சி.ஏ.ஜி. நீளத்துக்கும் மலட்டுத்தன்மைக்கும் தொடர்பு இல்லை என்றே வந்தது. நீங்கள் இந்தியர், உங்கள் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான், ஆனால் லேப் ரிப்போர்ட்டின் கீழே பொடி எழுத்தில்கூட இதைப் போடுவதில்லை. 2007இல் எல்லா ஆய்வையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். குழந்தை இல்லாதவர்களுக்குச் சராசரியில் சற்று நீளம் என்றுதான் வந்தது, ஆனால் எவ்வளவு நீளம் தெரியுமா? ஒரு முழு சி.ஏ.ஜி. கூட இல்லை, அதில் பாதிகூட இல்லை. ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் அது. அப்புறம் ஸ்வீடனில் மால்மோ குழு கணக்கை வேறு மாதிரி போட்டுப் பார்த்து, 22, 23 இருப்பவர்கள்தான் சௌகரியமாக இருக்கிறார்கள், அதைவிடக் குறைந்தாலும் கூடினாலும் அபாயம் கொஞ்சம் ஏறுகிறது என்றது. அப்படியானால் 18 உள்ளவருக்கும் சிவப்பு மை போட வேண்டும். எந்த லேபும் போட்டு நான் பார்த்ததில்லை.

26 என்பது சராசரிக்கு மேலே, நோய்க்கு ரொம்பக் கீழே. உயரம் 5 அடி 10 அங்குலம் என்று சிவப்பில் எழுதினால் எப்படியோ அப்படி.

இரண்டாவது சிவப்பு வரி இன்னும் சாதாரணம். எஃப்.எஸ்.எச். ரிசெப்டரின் 680ஆம் இடத்தில் சிலருக்கு ஆஸ்பராஜின், சிலருக்கு செரின், சிலருக்கு ஒரு பிரதியில் அது, மறு பிரதியில் இது. 307ஆம் இடத்தில் உள்ள மாற்றமும் பெரும்பாலும் இதோடு ஒட்டிக்கொண்டே வரும். உலகத்தில் கோடிக்கணக்கான பேருக்கு செரின்தான், நாலைந்து குழந்தை பெற்றவர்களும் அதில் அடக்கம். செரின் வகை ரிசெப்டர் எஃப்.எஸ்.எச்.சுக்குச் சற்று மெதுவாகப் பதில் சொல்லும், பெண்களுக்கு ஐ.வி.எஃப். ஊசி போடும்போது இது ஓரளவு தெரிகிறது. ஆண்களிடம் அதைவிடத் தெளிவாக இருப்பது ரிசெப்டர் அல்ல, ஹார்மோன் பக்கம்: எஃப்.எஸ்.எச்.சின் பீட்டா பகுதியைச் செய்யும் ஜீனுக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்து ஜி.யிலிருந்து டி.யாக மாறியிருந்தால் ரத்தத்தில் எஃப்.எஸ்.எச். அளவே குறைகிறது, எஸ்டோனியாவில் தார்த்து பல்கலைக்கழகக் குழு இளைஞர்களிடம் இதைக் காட்டியது. எஃப்.எஸ்.எச்.சும் குறைந்து ரிசெப்டரும் மெதுவானதாக அமைந்தால் விதையின் அளவு சற்றுச் சிறியதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று ஜெர்மனியில் பார்த்திருக்கிறார்கள். இதெல்லாம் கூட்டத்தில் தெரிகிற சாய்வு. ஒரு ஆளைக் காட்டி உனக்கு இதனால்தான் என்று சொல்ல உதவாது.

இப்போது ரிசெப்டர் நிஜமாகவே கெட்டவர்கள் கதைக்கு வருகிறேன், எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான். பின்லாந்தில் சில குடும்பங்களில் பெண்களுக்குப் பருவ வயதைத் தாண்டியும் மாதவிலக்கு வரவில்லை, கருப்பை நன்றாக இருக்கிறது, சினைப்பை வேலை செய்யவில்லை. 1995இல் காரணத்தைப் பிடித்தார்கள்: எஃப்.எஸ்.எச். ரிசெப்டரில் 189ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் வேலின், இரண்டு பிரதியிலும். அந்தப் பெண்களுக்குக் குழந்தை பெற முட்டை முதிர்வதே இல்லை. சரி, அதே குடும்பத்து ஆண்கள்? 1997இல் அதே மாற்றம் இரண்டு பிரதியிலும் உள்ள ஐந்து ஆண்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். பாடப்புத்தகத்தின்படி ஐந்து பேருக்கும் விந்தணு சுத்தமாக இருக்கக்கூடாது. ஆனால் ஒருவருக்குக்கூடப் பூஜ்யம் இல்லை, விதை சிறியது, கவுன்ட் ஆளுக்கு ஒரு மாதிரி குறைவு, அதில் இரண்டு பேர் ஏற்கெனவே அப்பா! அடுத்த வருஷமே இஸ்ரேலிலும் ஸ்வீடனிலும் ஹார்மோனின் பீட்டா ஜீனே கெட்ட ஆண்களைப் பற்றி எழுதினார்கள், அவர்களுக்கு விந்தணு பூஜ்யம். பின்லாந்துக்காரர்களின் ரிசெப்டரில் துளி உயிர் மிச்சம் இருந்ததா, இல்லை ஆணுக்கு எஃப்.எஸ்.எச். கட்டாயமே இல்லையா என்று அன்றிலிருந்து சண்டை.

இதற்கு நேர் எதிரான ஆள் ஜெர்மனியில். மூளையில் கட்டி வந்து பிட்யூட்டரியையே எடுத்துவிட்டார்கள், எல்.எச்.சும் இல்லை எஃப்.எஸ்.எச்.சும் இல்லை, டெஸ்டோஸ்டிரோன் மட்டும் ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவருக்கு விந்தணு நின்றுபோக வேண்டும். இவர் மூன்று குழந்தைக்கு அப்பா ஆனார். மூன்ஸ்டர் நகர ஆய்வாளர்கள் ஜீனைப் பார்த்தபோது எஃப்.எஸ்.எச். ரிசெப்டரின் 567ஆம் இடத்தில் ஒரு மாற்றம், சங்கே ஊதாமல் சத்தம் கேட்கிற காது. 1996இல் வெளியானது. ரிசெப்டர் மாற்றம் என்றாலே கெடுதல் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்த ஆளைத்தான் சொல்வது.

அப்பா அம்மா சொந்தம் என்று எழுதியிருந்தீர்கள், அது இங்கே கணக்குக்கு வருகிறது, ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தில் அல்ல. ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆணுக்கு ஒரே ஒரு பிரதிதான், அதுவும் அம்மாவிடமிருந்து. அப்பா யார் என்பது அந்த 26ஐ மாற்றாது, சொந்தத்தில் கட்டியிருந்தாலும் அசலில் கட்டியிருந்தாலும் அதேதான். அந்த ரிசெப்டரில் கோளாறு என்று சந்தேகம் வந்தால் விசாரிக்க வேண்டியது தாய்மாமன்களை: யாருக்காவது குழந்தை இல்லையா, மார்பு பெருத்திருந்ததா, பிறக்கும்போது சிறுநீர்த் துவாரம் இடம் மாறி இருந்ததா என்று. மற்ற ரிசெப்டர்கள் வேறு கதை. எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டின் ரிசெப்டர் ஜீன்களும் இரண்டாம் குரோமோசோமில் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன, மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கு வந்து அதை வேலை செய்ய வைக்கும் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனின் ரிசெப்டர் ஜீன் நாலாவதில். இவை இரண்டு பிரதியும் கெட்டால்தான் நோய். அக்கா மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கு ஜீன்களில் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு, மாமன் மகள் அத்தை மகன் கல்யாணத்தில் பதினாறில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் சொந்தக் கல்யாணம் இன்னும் நிறைய இருப்பதால் இந்த அபூர்வக் கோளாறுகள் நம் பக்கம் ஆஸ்பத்திரிகளில் எதிர்பார்ப்பதைவிட அடிக்கடி தலைகாட்டும். ஆனால் அவர்கள் எப்படி வருவார்கள் என்று பாருங்கள். எல்.எச். ரிசெப்டர் முழுவதும் செயலிழந்த ஆண் குழந்தை பெரும்பாலும் பெண் போன்ற உறுப்போடு பிறக்கும். ஜி.என்.ஆர்.எச். ரிசெப்டர் கெட்டவர் பதினெட்டு வயதிலும் மீசை முளைக்காமல், குரல் உடையாமல், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டெஸ்டோஸ்டிரோன் மூன்றும் தரைமட்டத்தில் வருவார். நீங்கள் தாடி மீசையோடு 470இல் இருக்கிறீர்கள்.

ஜி.என்.ஆர்.எச். வகை ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ரிசெப்டர் கோளாறில் மருந்துக்கு நன்றாகக் கேட்பது அதுதான். எல்.எச். வேலையைச் செய்யும் எச்.சி.ஜி.யும் எஃப்.எஸ்.எச்.சும் ஊசியாக ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை போட்டால் பலருக்கு விந்தணு வந்துவிடும், ஏனென்றால் பழுது மேலே, விதை நன்றாக இருக்கிறது.

உங்களுக்கு எஃப்.எஸ்.எச். ஊசி உதவுமா என்றும் கேட்பீர்கள். இத்தாலியில் எஃப்.எஸ்.எச். 8க்குக் கீழ் இருந்து காரணம் தெரியாமல் கவுன்ட் குறைந்தவர்களுக்கு அரசே தன் செலவில் இந்த ஊசியைத் தருகிறது. 2016இல் அங்கே ஒரு ஆய்வு, 680இல் ஆஸ்பராஜின் இரண்டு பிரதி உள்ளவர்களுக்குத்தான் ஊசிக்குப் பின் விந்தணுவின் டி.என்.ஏ. சிதைவு தெளிவாகக் குறைந்தது என்றது. அந்தச் சிவப்பு வரிக்கு என்றாவது ஒரு பயன் வந்தால் அது இங்கேதான், மருந்து யாருக்குக் கேட்கும் என்று பிரிக்க. இப்போதைக்கு அதை வைத்து ஊசி எழுதுவது வழக்கத்துக்கு வரவில்லை, மூன்று மாதம் போட வேண்டும், விலையும் கையைக் கடிக்கும்.

இதைவிட அவசரமானது, உங்களுக்கு இன்னும் யாரும் செய்யாதது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கீழ் எல்லை மில்லிக்கு 1.6 கோடி, மொத்தமாக 3.9 கோடி. உங்களுக்கு இரண்டாவது தடவை 50 லட்சத்துக்குக் கீழே போய்விட்டது. அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால் முதலில் கேட்க வேண்டிய ஜீன் டெஸ்ட் இரண்டு: கேரியோடைப் (குரோமோசோம்களின் எண்ணிக்கையும் அமைப்பும் பார்ப்பது), ஒய் குரோமோசோம் மைக்ரோடிலீஷன் (ஒய்யில் சிறு துண்டு ஏதாவது இல்லாமல் போயிருக்கிறதா என்று பார்ப்பது). இவை பழசு, பளபளப்பான பேனல் கிடையாது, ஆனால் பதில் வந்தால் சிகிச்சையே மாறும். ஒய்யில் ஏ.இசட்.எஃப்.சி. பகுதி இல்லாமல் இருந்தால் கவுன்ட் போகப் போக இன்னும் குறையலாம், அப்போது இருக்கும் விந்தணுவை உறையவைத்துச் சேமிப்பது புத்திசாலித்தனம். அதோடு அந்தக் குறை பிறக்கிற ஆண்பிள்ளைக்கும் அப்படியே போகும்.

அப்புறம் உடம்பைத் தொட்டுப் பார்த்தார்களா? இதை நான் ஏன் கேட்கிறேன் என்றால், சி.ஏ.ஜி. 27 என்று ரிப்போர்ட்டோடு கவலையாக வந்த ஒருவர் எனக்கு ஞாபகம் இருக்கிறார், இரண்டு ஊரில் பார்த்திருந்தார், ஒருவரும் அவரை நிற்கவைத்துப் பரிசோதிக்கவில்லை. எங்கள் யூராலஜி டாக்டர் மேஜை டிராயரிலிருந்து அந்த மணிமாலையை எடுத்தார், பிராடர் என்ற சுவிஸ் டாக்டர் பெயரில் வழங்குவது, நூலில் கோத்த பன்னிரண்டு முட்டை வடிவ மணிகள், 1 மில்லியிலிருந்து 25 வரை. ஒரு கையில் மணியையும் மறு கையில் விதையையும் உருட்டி ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். வலது 18, இடது 12. நின்றபடி மூச்சை அடக்கி முக்கச் சொன்னதும் இடது பக்கம் புழுக்கூடை மாதிரி நரம்பு புடைத்தது. வேரிகோசீல், அதாவது விதையிலிருந்து ரத்தம் திரும்பும் குழாய்கள் வீங்குவது. அவருக்கு மூன்று மாதம் ஜீனைப் பற்றிய கவலை, கையை வைத்திருந்தால் மூன்று நிமிஷம்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். ரிசெப்டர் மந்தம் என்று படித்துவிட்டு, அப்படியானால் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றினால் சரியாகும் என்று ஜிம்மிலோ தெரிந்தவர் கடையிலோ ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை போதும் என்று எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்தும், விதைக்குள் டெஸ்டோஸ்டிரோன் சரிந்துவிடும், விந்தணு நின்றுபோகும். ஆண்களுக்கான கருத்தடையாக உலக சுகாதார நிறுவனமே வாரம் 200 மில்லிகிராம் கொடுத்துச் சோதித்த மருந்து அது. 42 லட்சம் பூஜ்யமாகிவிடலாம், நிறுத்தினாலும் திரும்ப வரப் பல மாதம் ஆகும்.

குழந்தைக்கு வருமா என்பது கடைசிக் கேள்வி. உங்கள் எக்ஸ் மகனுக்குப் போகாது, அவனுக்கு நீங்கள் கொடுப்பது ஒய். மகள் பிறந்தால் அந்த 26 அவளுக்குப் போகும், கூடவே உங்கள் மனைவியிடமிருந்து வேறு ஒரு எண் வரும், அவளுக்கு ஒன்றும் செய்யாது. 680இல் உள்ள செரின் மகனுக்கும் போகலாம் மகளுக்கும் போகலாம், பாதி ஊருக்கு இருப்பது. இதற்காகக் கருவைச் சோதிக்க யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கேரியோடைப், ஒய் டெஸ்ட் ரிசல்ட் வந்தால் இங்கே போடுங்கள், மனைவியின் வயதும் ஏ.எம்.எச். (முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) அளவும் சேர்த்து எழுதுங்கள், ஐ.யு.ஐ.யா (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது) நேரே இக்ஸியா (ஒரு விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்துவது) என்பதில் பாதி அவர் பக்கம்தான் தீர்மானமாகும், உங்கள் கேள்வியில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.